எஞ்சினை இறக்கிவிட்டேன், குமார்

குமார்,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் வீட்டுக்காரி போட்டோ போட்டே சொல்லிவிடுகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். நம் காரின் எஞ்சினை இறக்கிவிட்டேன். தனியாக இறக்கினேன். இறக்கிப் பிரித்துப் பார்த்ததில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐந்தருவி ரோட்டில் நாலு பேர் பார்க்க உன்னை நான் சொன்ன சொல் தப்பு என்று தெரிந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கத்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். சொன்னது நடுரோட்டில், திரும்ப வாங்குவது மட்டும் உறைக்குள்ளேயா என்று தோன்றியது. அதனால் நம் தெரு வாசகசாலை மாதம் ஒருமுறை போடும் பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். ஊரில் படிக்கிறவர்கள் படிக்கட்டும். உனக்கும் ஒரு பிரதி வரும்.

உனக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நான் போலீஸில் மோட்டார் பிரிவில் இருந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப்பும் வேனும் ஓட்டினேன், பழுதும் பார்த்தேன். செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட் டாக்டர் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதில் கோழி அடைத்திருந்தார்கள். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது நீயும் நானும் போய் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். தாழ்ந்த கார், நீளமான மூக்கு, இரண்டே சீட்டு. உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "வீட்டுல மூணு பேரு இருக்கோம். ரெண்டு பேரு போற காரைக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கிய. மூணாவது ஆளு நாந்தான்னு இப்பமே தெரிஞ்சு போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உனக்கும் எனக்கும் கார் ஷெட்தான். காப்பி அங்கேயே வரும், ஏச்சும் அங்கேயே வரும். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது ஏன் இறக்கினேன் என்று கேட்பாய். பதினோரு வருஷமாக ஓடாமல் ஷெட்டில் நிற்கும் காரைக் கேட்டு புனலூர்க்காரர் ஒருவர் வந்தார். உன்னிடம் போனில் சொன்னதற்கு, "வித்துருங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். வந்தவர் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் எதனால் நின்றது என்று தெரிந்தால் எடுத்துக்கொள்கிறேன், என் ஆட்களை அனுப்பிப் பிரித்துப் பார்க்கட்டுமா என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீயும் நானும் சேர்ந்து மூடிய எஞ்சினை எவனோ ஒருத்தன் திறப்பதா? நானே பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லும் நிலையில், எனக்கு இந்த வீம்பு.

இலத்தூரில் ஒரு பட்டறையில் செயின் பிளாக் வாடகைக்குக் கேட்டேன். எஞ்சினைத் தூக்க அந்தச் சங்கிலிக் கப்பி இல்லாமல் முடியாது. பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை பேரு அண்ணாச்சி வேலைக்கு?" என்றார். இரண்டு பேர் என்றேன். "மவன் வந்திருக்கானோ?" "ஆமா, லீவுல வந்திருக்கான்." வாய் கூசாமல் சொன்னேன். "அதானே, கூட ஒரு ஆளு இல்லாம இதைத் தொடக்கூடாது" என்று தூக்கி ஆட்டோவில் வைத்தார். வீடு வருகிற வரைக்கும் அந்தப் பொய் கூடவே வந்தது. நீ ஷெட்டில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு. கதவைத் திறந்தபோது நினைப்பு போய்விட்டது.

முதல் நாள் பேட்டரியைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் வடித்தேன். பிறகு வயர்கள். எந்த வயர் எங்கே என்று அடையாளம் கட்டலாம் என்று பேப்பர் டேப் எடுத்துக்கொண்டு குனிந்தால், நீ அந்தக் காலத்தில் கட்டிய சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் "டைனமோ" என்று இருந்தது. இன்னொன்றில் "அப்பா சொன்ன இடம் இது. புக்கில் வேறு இடம்" என்று எழுதியிருந்தாய். தனியாக நின்று சிரித்தேன். புத்தகம் சொன்ன இடம்தான் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பானட்டைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கத்து போல்ட்டை எடுத்ததும் மறுபக்கம் யாராவது பிடிக்க வேண்டும். நான் ஒரு போர்வையைப் போட்டு, குனிந்து, பானட்டை முதுகில் வாங்கிக்கொண்டு, கையை மேலே விட்டுத் தடவித்தடவி மற்ற போல்ட்டுகளை எடுத்தேன். இறக்கும்போது இடது மூலையில் பெயின்ட் உரிந்துவிட்டது. ரேடியேட்டர் சுலபமாக வந்தது. சைலன்ஸர் குழாயின் நட்டுகளில் நாலு வந்தது, இரண்டு துருப்பிடித்து முரண்டு பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அந்த இரண்டோடு மல்லுக்கட்டினேன். கியர்பாக்ஸுக்குக் கீழே ஜாக்கியும் பனங்கட்டையும் கொடுத்து, எஞ்சினையும் அதையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மேலே இருக்கும் கடைசி போல்ட் கண்ணுக்குத் தெரியாது. உன் விரல் ஒல்லி, அதை நீதான் எடுப்பாய். என் விரலுக்கு அது ஒரு முழுக் காலைப்பொழுது எடுத்தது.

மூன்றாவது நாள் தூக்கினேன். ஒருத்தர் சங்கிலியை இழுக்க, இன்னொருத்தர் முன்னால் நின்று எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை அது. நான் நாலு கண்ணி இழுப்பேன், சுற்றிப் போய்க் குனிந்து பார்ப்பேன், திரும்பி வந்து நாலு கண்ணி இழுப்பேன். இழுக்கிறவனும் நான், பார்க்கிறவனும் நான், ஏசுகிறவனும் நான். "பைய, பைய... மூக்கைத் தூக்கு... அங்கன எதுல மாட்டுது பாருலே" என்று சத்தம் போட்டிருக்கிறேன் போல. எதிர்வீட்டு டீச்சர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரை அண்ணாச்சி ஏசுதிய? ஆளு வந்திருக்கா?" என்றாள். "ஆளு இல்லாததுக்குத்தான் டீச்சர் ஏசுதேன்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாதி உயரத்தில் எஞ்சினோடு சேர்ந்து காரின் முன்பக்கமும் மேலே வருவதைப் பார்த்தேன். அடியில் எஞ்சினைக் காரோடு இணைக்கும் தடித்த எர்த் வயரைக் கழற்ற மறந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் "நில்லுங்க" என்று சொல்லியிருப்பான். அதைக் கழற்றி, மறுபடி தூக்கி, காரைப் பின்னால் தள்ளினேன். நம் ஷெட் தரை வாசல் பக்கம் சாய்வு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கார் தானாகவே போய் கேட்டில் செல்லமாக ஒரு இடி இடித்து நின்றது. எஞ்சின் உத்திரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உனக்குக் கனடாவில் தூங்கும் நேரம். தயிர்ச்சோற்றை எடுத்து வந்து எஞ்சினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு அதை ஒரு பழைய லாரி டயர்மேல் இறக்கி வைத்தேன்.

இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, எஞ்சினைச் சாய்த்து அடியில் இருக்கும் சேம்பரைக் கழற்றினேன். ஆயில் தேங்கும் தொட்டி அது. அதற்குள்தான் ஆயில் பம்ப்பின் வாயில் ஒரு கம்பிவலை இருக்கும். ஆயில் அந்த வலை வழியாகத்தான் மேலே போய் எல்லா இடத்தையும் நனைக்க வேண்டும். வலையே தெரியவில்லை. அதைப் போர்த்திக்கொண்டு தார்போல ஒட்டியிருந்தது ஒரு துணி. பிய்த்து எடுத்து மண்ணெண்ணெயில் அலசினேன். காக்கி. ஒரு ஓரத்தில் பொத்தான் துளை. என் பேன்ட்.

அந்தத் துணி உள்ளே போன நாள் எனக்கு அப்படியே கண்ணில் வந்தது. ஆயுத பூஜை. நீ திருநெல்வேலி காலேஜ் ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்திருந்தாய். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தோம், மேலே எல்லாம் திறந்து கிடந்தது. "அரை மணி நேரம் குடுங்கப்பா, ஹெட்டை வச்சு மூடிருதேன். தொறந்த எஞ்சினை அப்படியே போடக்கூடாது" என்றாய். நான் கேட்கவில்லை. எங்கள் மோட்டார் பிரிவில் அன்றைக்கு ஸ்பேனர் எல்லாம் கழுவிப் பூஜைக்குப் போய்விடும், மறுநாள் காலை பூஜை முடிகிற வரைக்கும் ஒருத்தனும் ஒரு நட்டைத் தொடக்கூடாது. "நல்ல நேரம் போகுது, சாமானை எடுத்து வைலே" என்று அதட்டினேன். ஸ்பேனர்கள் இலையில் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்தன. திறந்து கிடந்த எஞ்சினில் தூசி விழாமல் இருக்க, என் பழைய காக்கி பேன்ட் ஒன்றைக் கிழித்து, சிலிண்டர் வாயிலும் ஓரத்துத் துளைகளிலும் நான்தான் அடைத்தேன். உன்னை அடைக்க விடவில்லை. விஜயதசமி காலையில் முதல் வேலையாக அதை மூட வேண்டும் என்று அவசரம். நீ ஹெட்டைப் பிடித்துக்கொண்டு, "துணியை எல்லாம் எண்ணி எடுத்தியளாப்பா?" என்று கேட்டாய். "ஏலே, நீ பொறக்கதுக்கு முன்னால இருந்து எஞ்சின் பிரிக்கேன். எனக்கு நீ கணக்கு வைக்கியோ?" என்றேன். நான் எண்ணவில்லை, குமார். அடைக்கும்போதும் எண்ணவில்லை, எடுக்கும்போதும் எண்ணவில்லை. ஓரத்துத் துளை ஒன்றின் வழியாக ஒரு துண்டு அடியில் நழுவியிருக்கிறது.

கார்த்திகை மாதம் உன் அம்மா முதல்முறையாக அந்தக் காரில் ஏறினாள். குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு ஐந்தருவி வரைக்கும் போய் வரலாம் என்று நீ கூட்டிக்கொண்டு போனாய். மூன்றாவது ஆளாக நான் பின்னால் மொபெட்டில் வந்தேன். ஐயப்பசாமிகள் கூட்டம், ரோடு முழுக்கக் கறுப்பு வேட்டி, வேன், பஸ். வளைவு திரும்பினால் கார் நடுரோட்டில் நிற்கிறது, பின்னால் நாலு வேன் ஹாரன் அடிக்கிறது. டூட்டியில் நின்ற போலீஸ்காரன், என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட இசக்கிமுத்து. என்னைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். அந்தச் சல்யூட்தான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மோட்டார் பிரிவுக்காரன் வீட்டு வண்டி இப்படி நிற்கிறதே என்று மானம் போனதுபோல் இருந்தது. நீ, "ஆயில் மீட்டர் முள்ளு திடீர்னு விழுந்துச்சுப்பா, உடனே ஆஃப் பண்ணிட்டேன்" என்றாய். உன் அம்மா, "நான் பக்கத்துலதான இருந்தேன், பிள்ளை பையத்தான் ஓட்டினான்" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்றேன். உன் பக்கம் திரும்பி, "கண்ட வேகத்துல முறுக்கிட்டு முள்ளு மேல பழி போடுதியா? ஒன் கையில எதைக் கொடுத்தாலும் வெளங்காதுலே" என்றேன். சாமிகள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கயிற்றை எடுத்துக் காரின் முன்னால் கட்டினாய்.

அன்றைக்கு சாயந்திரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாய், நகக்கண்ணில் கறுப்பு போகிற வரைக்கும் கழுவினாய். பிறகு நீ அந்த ஷெட்டுக்குள் வரவில்லை. மெக்கானிக்கல் படித்து முடித்துவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய், பெங்களூர் போனாய், கனடா போனாய். காலத்துக்கு ஏற்ற வேலை என்று நான் எல்லோரிடமும் பெருமை பேசினேன். உன் அம்மாதான் அவ்வப்போது சொல்வாள்: "ஒரு தடவை அந்த எஞ்சினைத் தொறந்து பாத்துருங்க. பிள்ளை மேல தப்பு இருந்தா இருக்கட்டும், இல்லைன்னா இல்லைன்னு தெரியட்டும்." நான் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்குமோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் துணியைக் கண்டுபிடித்த அன்றே நான் உனக்கு எழுதவில்லை. அடுப்பில் போட்டுவிட்டு, பேரிங் தேய்ந்து போயிருந்தது என்று புனலூர்க்காரரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராவது நாள் உன் வீட்டுக்காரி கீர்த்தனா போன் செய்தாள். தையில் குழந்தை வரப்போகிறதே, தொட்டில் வாங்கியிருக்கிறோம் மாமா என்றாள். பெட்டியில் பலகை பலகையாக வந்ததாம், மாட்ட எட்டு ஸ்க்ரூ இருக்குமாம். "உங்க பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயர்தானே மாமா? ஸ்க்ரூ டிரைவரைக் கையில வாங்கவே மாட்டேங்கறார். என் கையில எதைக் கொடுத்தாலும் விளங்காதுங்கறார். எப்பவும் இதே டயலாக். கடைசியில் ஒரு ஆளைக் கூப்பிட்டு மாட்டினோம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் எஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

கீர்த்தனாவுக்கு அது யார் பேசிய வசனம் என்று தெரியாது. நீ சொல்லியிருக்கமாட்டாய். நீ அப்பாவாகப் போகிற நேரத்தில் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் பட்டவன் சொல்கிறேன். உன் பிள்ளை எதையாவது உடைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது சுற்றி யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காதே. முதலில் உடைந்ததைப் பார். நான் ரோட்டில் இருந்தவர்களைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வாசுதேவநல்லூர் போனேன். இசக்கிமுத்து இப்போது அங்கே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். ரோட்டில் நின்ற சாமிகளை எங்கே தேடுவது, இவனிடமாவது நேரில் சொல்லிவிடலாம் என்று போனேன். நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து உபசரித்தான். நான் கார் கதையை ஆரம்பித்து, உன்னை ஏசியது, துணி, என் பேன்ட் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தான். "எந்தக் கார் சார்? அந்த சீசன்ல நூறு வண்டி நின்னுருக்கும். நீங்க வந்தது சல்யூட் அடிச்சது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லையே சார்" என்றான். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எவன் முன்னால் என் மானம் போகிறது என்று நினைத்து உன்னை அப்படிச் சொன்னேனோ, அவன் அன்றைக்கு ராத்திரியே மறந்திருக்கிறான். இந்த உலகத்தில் அதை ஞாபகம் வைத்திருந்தது மூன்றே பேர். அதில் ஒருத்தி போய்விட்டாள். மீதி நீயும் நானும்தான். அதனால் இப்போது எழுத்தில் சொல்கிறேன். ஐந்தருவி ரோட்டில் நான் சொன்னது பொய். எஞ்சினைக் கெடுத்தது என் கை. நீ ஓட்டியது சரி, முள்ளைப் பார்த்தது சரி, நிறுத்தியது சரி, துணியை எண்ணச் சொன்னதும் சரி. உன் கை நல்ல கை.

காரை விற்கிறேனா இல்லையா என்பது பெரிய விஷயம் இல்லை. நீ வந்து எஞ்சினை ஏற்ற வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். வேலையை விட்டுவிட்டு, பிள்ளை பிறக்கிற வீட்டை விட்டுவிட்டு வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. கேட்பது ஒன்றுதான். வாராவாரம் போன் செய்கிறாய். மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா, சரிப்பா வச்சிருதேன் என்று மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அந்த மரியாதையை என்னால் இனிமேல் தாங்க முடியவில்லை, குமார். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கூப்பிடு. மாத்திரையை விசாரிக்காதே. ஏம்ப்பா அப்படிச் சொன்னிய என்று கேள். அன்றைக்கு ரோட்டில் நீ சொல்லாமல் விழுங்கியது எல்லாவற்றையும் சொல், ஏச வேண்டும் என்றால் ஏசு. நான் குறுக்கே பேச மாட்டேன். போனையும் நீயாக வைக்கிற வரைக்கும் வைக்க மாட்டேன்.

அப்பா